ஒரே கோப்பில் விளக்கமும் கணக்கும்

(கணினி மூலை)



சுவர் இதழுக்குக் கட்டுரை கொடுக்கும்போது தலைப்புக்குக் கீழே கோடு போடுறோம். படி எடுத்து எழுதுகிறவர் அதைப் பார்த்துத் தலைப்பைப் பெரிதாக எழுதுகிறார். கணினியில் இதே வேலையைச் செய்வதுதான் மார்க்டவுன். ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்டார். தலைப்புக்கு அடியில் ===== போடணும். அழுத்தமான சொல்லுக்கு இருபுறமும்  போடணும். அவ்வளவுதான்!

சார்பு மொழி என்றால்?

கணக்குப் பாடத்தில் வரும் அதே சார்புதான். ஒரே எண்ணைக் கொடுத்தால் எப்போதும் ஒரே விடை வரும். இப்படிச் சார்புகளை வைத்தே நிரல் எழுதும் மொழி ஹாஸ்கெல் (1990). கணித அறிஞர் ஹாஸ்கெல் கரியின் பெயர் அது.

இரண்டையும் சேர்ப்பது எப்படி?

வழக்கமாக, நிரலில் விளக்கத்துக்குத்தான் தனிக் குறி போடுவோம். ஹாஸ்கெல்லில் இதைத் திருப்பிப் போடலாம். கோப்பு முழுக்க விளக்கம். > என்று தொடங்கும் வரி மட்டும் நிரல். உதாரணம் (புரிவதற்காகத் தமிழில்):

முல்லைப் பெரியாறு தண்ணீர்
=====

1 கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர்.

> லிட்டர் க = க * 28.3

நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்கு வினாடிக்கு 200 கன அடி திறந்தால் 5,660 லிட்டர் என்று ஹாஸ்கெல் சொல்லிவிடும். அதே கோப்பைப் பான்டாக் என்ற மென்பொருளிடம் கொடுத்தால் அழகான பக்கமாக மாற்றித் தரும். அதை 2006-இல் உருவாக்கிய ஜான் மெக்ஃபார்லேன் ஒரு தத்துவப் பேராசிரியர்! அதுவும் ஹாஸ்கெல்லில் எழுதியதுதான்.

கவனம்!

1. > வரிக்கு முன்னும் பின்னும் ஒரு வரி காலியாக விடணும். இல்லாவிட்டால் ஹாஸ்கெல் பிழை காட்டும்.

2. மார்க்டவுனில் > மேற்கோள் குறி. இங்கே அது நிரலுக்குப் போய்விட்டது. அதனால் மேற்கோள் வேண்டுமென்றால் குறிக்கு முன்னால் ஓர் இடம் விடணும்.

3. விளக்கத்தில் 28.3-க்குப் பதிலாக 38.2 என்று எழுதினாலும் கணினி வாயே திறக்காது. அதை நாமதான் படித்துச் சரிபார்க்கணும்.

இதனால் என்ன பயன்?

விளக்கம் ஓரிடம், கணக்கு ஓரிடம் என்றிருந்தால் ஒன்றைத் திருத்துகிறவர் மற்றதை மறந்துவிடுவார். தண்ணீர்க் கணக்கில் தப்பு வந்தால் பாதிப்பு வயலுக்குத்தான். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தப்பு சட்டென்று கண்ணில் படும்.

செய்து பாருங்கள்: அதே 200 கன அடி ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை லிட்டர்? விளக்கம் ஒரு வரி, > குறியோடு ஒரு வரி எழுதுங்கள்.

(விடை: 2 கோடியே 3 லட்சத்து 76 ஆயிரம் லிட்டர்)