பனிமலை நாட்டுப் பழமனைகள்

மக்கள் உயிர் வாழ்வதற்கு உணவும் உடையும் உறையுளும் இன்றியமையாதன. இம்மூன்றனுள் உறையுள், நிலத்தின் தன்மைக்கும் பருவத்தின் போக்குக்கும் ஏற்ப வேறுபடும் இயல்பினது. வெயில் மிக்க நாட்டார் நிழலும் காற்றும் வேண்டி மனை வகுப்பர். மழை மிக்க நாட்டார் நீர் வழிந்தோடுமாறு சரிந்த கூரை அமைப்பர். பனி மிக்க மலைநாட்டாரோ, அகத்தே மூட்டிய தீயின் வெம்மை புறத்தே சென்று வீணாகாதவாறு காக்க முயல்வர். அம்முயற்சியில் முன்னோர் எய்திய வெற்றி யாது, அவர்கள் விட்டுச் சென்ற குறை யாது, அக்குறையைப் பின்வந்தோர் நிறைவு செய்யும் வழி யாது என்பவற்றை, இமயத் தொடருக்கு அப்பால் உள்ள லடாக்கு நாட்டு மனைகளைக் கொண்டு நன்கு அறியலாம்.

நிலமும் பருவமும்

லடாக்கு, இந்தியாவின் வடகோடியில் அமைந்த உயர்ந்த மேட்டு நிலமாகும். 2019ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் முதல் அது தனி ஒன்றியப் பகுதியாக விளங்குகிறது. அங்குள்ள லே என்னும் நகர், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மழை முகில்களை இமயம் தடுத்துவிடுதலின், அந்நகரில் ஓராண்டில் விழும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் அளவினவே. ஆதலின், அந்நிலத்தைக் குளிர்ப்பாலை என்று கூறுதல் பொருந்தும். மார்கழி, தை மாதங்களின் இரவுகளில் அங்குக் குளிர், நீர் உறையும் நிலைக்கும் 20 பாகை செல்சியசு கீழே இறங்குவதுண்டு.

இத்துணைக் குளிருக்குக் காரணம் யாது? நிலத்தினின்று 1,000 மீட்டர் மேலே செல்லுந்தோறும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறைகிறது. அன்றியும், உயரத்தே உள்ள காற்று மெலிந்தது, ஈரமும் அற்றது. பகலில் நிலம் ஏற்ற வெம்மையை இரவில் போர்வைபோல் மூடிக் காக்கும் முகிலும் அங்கு அரிது. ஆதலின், ஞாயிறு மறைந்தவுடன் நிலத்தின் வெம்மை தடையின்றி வான்வெளியிற் சென்று மறைகிறது.

எனினும், இரவிற் குளிரை மிகுவிக்கும் அத்தெளிந்த வானமே பகலில் நிறைந்த வெயிலையும் தருகிறது. ஓர் ஆண்டில் 300 நாட்களுக்குக் குறையாமல் அங்கு ஞாயிறு ஒளி வீசுகிறது. நோய் தோன்றிய இடத்திலேயே மருந்தும் முளைத்தது போன்ற நிலை இது.

அந்நாட்டில் காடுகள் இல்லை. நீரோடைகளின் அருகே மக்கள் நட்டு வளர்க்கும் நெட்டிலிங்கம் போன்ற பாப்லர் மரங்களும் வில்லோ மரங்களுமே உண்டு. அவை கட்டடத்திற்கே போதா. விறகுக்கு எங்ஙனம் ஆகும்? ஆதலின், கால்நடைகளின் உலர்ந்த சாணமே தொன்றுதொட்டு எரிபொருளாக இருந்து வந்தது. அதனைத் திரட்டிக் கூடையிற் சுமந்து சேர்க்கும் உழைப்பு பெரிது. அது எரியும்போது எழும் புகையோ அதனினும் கொடிது. அடைபட்ட அறையில் நெடுநேரம் அப்புகையை உட்கொள்ளும் பெண்டிரும் குழந்தைகளும் கண்ணெரிவுக்கும் மார்பு நோய்க்கும் ஆளாகின்றனர். வீட்டின் வெம்மையைக் காத்தல் என்பது இன்பத்திற்கு மட்டும் உரியதன்று; உயிரையும் உடல்நலத்தையும் காத்தலே ஆகும்.

பழைய மனையின் அமைப்பு

லடாக்கு நாட்டுப் பழைய மனைகள் அறிவோடு அமைந்தவை. கல்லால் கடைக்கால் இட்டு, வெயிலில் உலர்த்திய பச்சை மண்கல்லால் பருத்த சுவர் எழுப்புவர். பாப்லர் மரத்தை உத்தரமாக இட்டு, அதன்மேல் வில்லோக் கழிகளை நெருக்கமாக அடுக்கி, புல்லைப் பரப்பி, மண்ணைக் கொட்டி மெழுகித் தட்டையான கூரை அமைப்பர். கீழ்த்தளத்தில் கால்நடைகளைக் கட்டுவர். அவற்றின் உடற்சூடு மேல்தளத்திற்கு ஓரளவு துணை செய்யும். கூரையின் விளிம்பில் விறகையும் வைக்கோலையும் அடுக்கி வைப்பர். குளிர்காலம் முழுவதும் குடும்பத்தார் அனைவரும் அடுப்பு எரியும் ஓர் அறையிலேயே கூடி வாழ்வர். ஓர் அறையைச் சூடாக்கும் எரிபொருள் கொண்டு பத்து உயிர் வாழ்ந்த சிக்கன வாழ்வு அது.

ஆயினும், இம்மனைகளில் ஒரு குறை உண்டு. பருத்த மண்சுவர் வெம்மையைச் சேர்த்து வைக்கும் ஆற்றல் உடையது. ஆனால் வெம்மை வெளியேறுவதை மிகுதியாகத் தடுக்கும் ஆற்றல் உடையதன்று. சேர்த்து வைத்தல் வேறு. தடுத்து நிறுத்தல் வேறு. பெரிய குதிரில் நெல் நிறைய இருப்பினும், அடியில் ஓட்டை இருந்தால் ஒருநாள் அது வெறுமையாகும் அன்றோ? இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றிப் பழைய மனையைச் செப்பனிடும் முறை விளங்காது.

வெம்மை வெளியேறும் வழிகள்

வெம்மை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லும் வழிகள் மூன்று. ஒரு பொருளின் ஊடே அணு அணுவாய்ச் செல்வது கடத்தல். சூடேறிய காற்றோ நீரோ தானே பெயர்ந்து வெம்மையைச் சுமந்து செல்வது சலனம். இடையே எப்பொருளும் துணையின்றி ஒளிபோற் பாய்ந்து செல்வது கதிர்வீசல்.

பொருள்களுள் இரும்பும் செம்பும் போல்வன வெப்பத்தை எளிதிற் கடத்தும். மரமும் கம்பளியும் வைக்கோலும் போல்வன அரிதிற் கடத்தும். அரிதிற் கடத்திகளின் மறைபொருள் யாதெனின், அவற்றினுள் சிறு சிறு அறைகளாக அடைபட்டுக் கிடக்கும் காற்றே ஆகும். அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். கம்பளிப் போர்வை வெம்மையைத் தானே உண்டாக்குவதில்லை. தன் இழைகளிடையே காற்றைச் சிறைப்படுத்தி உடற்சூடு வெளியேறாமல் தடுக்கிறது. வீட்டுக்கும் அத்தகைய போர்வை ஒன்று வேண்டும். 45 சென்டிமீட்டர் பருத்த மண்சுவரைக் காட்டிலும், 10 சென்டிமீட்டர் அளவு அடைத்த உலர்ந்த வைக்கோல் வெப்பத்தை மிகுதியாகத் தடுக்கும் என்பது கருதத்தக்கது.

செப்பனிடும் முறை

பழைய மனையைச் செப்பனிடுவோர் முதலில் செய்யத்தக்கது, காற்றுப் புகும் சந்துகளை அடைத்தலாகும். இதற்குச் செலவு சிறிது, பயன் பெரிது. கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள வெடிப்பைக் களிமண்ணும் வைக்கோற்றுணுக்கும் பிசைந்து அடைக்கலாம். கதவின் விளிம்பிற் கம்பளித் துணி தைக்கலாம். வாயிலுக்கு முன்னே சிறிய இடைகழி ஒன்று அமைத்து அதற்கும் ஒரு கதவு இட்டால், ஒருவர் உட்புகும்போது குளிர்காற்றும் அவரோடு உட்புகாது.

இரண்டாவது, கூரை. சூடேறிய காற்று மேலே எழுவதாதலின், வெம்மை மிகுதியாக வெளியேறும் வழி கூரையே. உத்தரங்களின் அடியே பலகை அறைந்து, இடைவெளியில் வைக்கோல், ஆட்டுமயிர், மரச்சீவல் ஆகியவற்றுள் கிடைப்பதனை அடைக்கலாம். அதற்கு முன் உத்தரங்கள் புதிய சுமையைத் தாங்குமா என்று ஆராய்தல் வேண்டும். புகைபோக்கிக் குழாய் செல்லும் இடத்தைச் சுற்றி வைக்கோலை நெருங்கவிடாது, கல்லும் மண்ணும் கொண்டு வளைத்தல் வேண்டும். இல்லையேல் காப்பாக வைத்த பொருளே தீக்கு இரையாகும்.

மூன்றாவது, சுவர். வெயில் படாத வடபுறச் சுவருக்கும், கிழக்கு மேற்குச் சுவர்களுக்கும் புறத்தே சற்று இடைவெளி விட்டு, மெல்லிய மண்கற் சுவர் ஒன்று எழுப்பி, அவ்விடைவெளியில் வைக்கோலை அடைப்பர். போர்வை புறத்தே அமைவதனால், அகத்தே உள்ள பருத்த சுவர் தான் சேர்த்த வெம்மையை இரவில் அறைக்குத் திரும்பத் தரும். அகத்தே போர்வை அமைத்தால் அறை விரைவிற் சூடேறும். ஆயின் அடுப்பு அணைந்தவுடன் விரைவிற் குளிரும்.

நான்காவது, பலகணி. ஒற்றைக் கண்ணாடிக்கு மாறாக, இடையே காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடி இட்டால், அதன் வழியே இழக்கும் வெம்மை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். இரவில் தடித்த திரை இடுதலும் நன்று.

இவ்வேலைகளை எல்லாம் வேனிற் பருவத்திலேயே முடித்தல் வேண்டும். பூசிய மண் ஈரம் உலருமுன் பனி தாக்கினால், அவ்வீரம் உறைந்து விரிந்து பூச்சைப் பிளந்துவிடும்.

ஞாயிற்றின் துணை

வெம்மையைக் காத்தலோடு, வெம்மையைப் பெறுதலும் வேண்டும். லே நகர் வடக்கே 34 பாகை குறுக்குக்கோட்டில் இருத்தலின், குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில், நண்பகல் ஞாயிறு தென்வானில் 32 பாகை உயரத்திலேயே நிற்கும். அத்தாழ்ந்த கதிர்கள் தெற்கு நோக்கிய பலகணிகளின் வழியே அறையின் உட்சுவர் வரை சென்று பாயும். கோடையிலோ ஞாயிறு ஏறத்தாழ 79 பாகை உயரத்தில் நிற்றலின், சிறிய இறவாரமே அக்கதிரைத் தடுத்துவிடும். குளிர்காலத்தில் வெயிலும் கோடையில் நிழலும் தரும் இவ்வமைப்புக்கு எந்திரம் எதுவும் வேண்டா.

தெற்குச் சுவருக்குக் கரிய வண்ணம் பூசி, அதன்முன் சிறிது இடைவெளி விட்டுக் கண்ணாடி இடுவது மற்றொரு முறை. பகலில் சுவர் ஏற்ற வெம்மை, அதனூடே மெல்லச் சென்று இரவில் அறையை அடையும். இம்முறைக்கு எட்வர்டு மோர்சு என்னும் அமெரிக்கர் 1881ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1967ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பெலிக்சு திரோம்பு என்பார் பிரனீசு மலையில் உள்ள ஒடேயோ என்னும் ஊரில் இம்முறையில் வீடு அமைத்து அதனைப் பரப்பினார். ஆதலின் அது திரோம்புச் சுவர் எனப்படுகிறது. இச்சுவருக்கு வைக்கோற் போர்வை இடுதல் ஆகாது. வெம்மை உட்புகும் வாயில் அதுவே ஆதலின்.

செலவு செய்ய இயலாதார், தெற்குப் புறத்தில் மரச்சட்டம் நாட்டி நெகிழித் தாள் போர்த்திக் கண்ணறை அமைப்பர். அது வீட்டுக்கு வெம்மையும் கீரை வளர்க்க இடமும் தரும். வேனில் வந்ததும் தாளைச் சுருட்டி வைத்துவிடலாம். ஜெரெஸ் என்னும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் இத்தகைய முறைகளை லடாக்குச் சிற்றூர்களிற் பரப்பியுள்ளது. 1988ஆம் ஆண்டில் தோன்றிய லடாக்கு மாணவர் கல்வி பண்பாட்டு இயக்கத்தின் பள்ளி, பே என்னும் ஊரின் அருகே மண்ணாற் கட்டப்பட்டுப் பெரும்பாலும் ஞாயிற்றின் வெம்மையாலேயே குளிரை வெல்கிறது.

காக்க வேண்டிய எல்லை

சந்துகளை எல்லாம் அடைத்தல் நன்றெனின், காற்று வரும் வழி எதுவும் இல்லாமல் அடைத்தல் அதனினும் நன்றோ எனின், அன்று. அடைபட்ட அறையில் கரி எரிந்தால், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று தோன்றும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே உயிர் துறப்பர். 3,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே ஆதலின், மூச்சுக்கு உரிய உயிர்வளியும் முன்னரே குறைவு. ஆகவே, வீட்டை இறுக்கி அடைப்போர், அடுப்புக்குப் புகைபோக்கியும், காற்று வந்து செல்லத் திறந்து மூடத்தக்க சிறு வழிகளும் அமைத்தே தீர வேண்டும். கரிச்சட்டியை வைத்துக்கொண்டு கதவடைத்து உறங்குதல் ஒருகாலும் தகாது.

ஈரமும் ஒரு பகை. மூச்சிலும் சமையலிலும் எழும் நீராவி, சுவரினுள்ளும் கூரையினுள்ளும் புகுந்து குளிர்ந்த இடத்தில் நீராக மாறும். நனைந்த வைக்கோல் வெப்பத்தைத் தடுக்காது, அழுகிப் பூசணம் பூக்கும், உத்தரமும் இற்றுப்போகும். ஆதலின், கூரையில் அடைத்த பொருளுக்கு அறைப்புறமாக நீராவி புகாத தாள் விரித்தல் வேண்டும். சுவருக்குச் சிமெண்டுப் பூச்சினும் மண்பூச்சே ஏற்றது. மண், தான் ஏற்ற ஈரத்தை மீண்டும் உலரவிடும். மழை அரிதென்று கூரையைப் புறக்கணித்தலும் தவறு. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் லே நகர்ப் பகுதியில் நேர்ந்த கடுமழையும் வெள்ளமும் பலர் உயிரைக் கவர்ந்தன. மண் வீடுகள் பலவற்றை அழித்தன.

இடிப்பதா, செப்பனிடுவதா?

பழைய மண்மனையை இடித்துவிட்டுக் கான்கிரீட்டு மனை எழுப்புதலே முன்னேற்றம் என்று கருதுவோர் உளர். கான்கிரீட்டு மண்கல்லினும் எளிதில் வெப்பத்தைக் கடத்துவது. போர்வையற்ற கான்கிரீட்டு மனை குளிர்காலத்தில் பனிக்கட்டிபோற் குளிரும்; அதனைச் சூடாக்க எரிபொருளை மலை கடந்து கொண்டுவருதல் வேண்டும். மற்றோர் சாரார், முன்னோர் செய்ததில் ஒன்றும் மாற்றலாகாது என்பர். அவர்கள் புகையில் இருமும் தாயையும் குழந்தையையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்விரண்டும் நன்னெறி அல்ல. முன்னோர் தந்த மண்சுவர் வெம்மையைச் சேர்த்து வைக்கட்டும்; பின்னோர் கண்ட வைக்கோற் போர்வை அதனை வெளியேறாது காக்கட்டும்; ஞாயிறு நாள்தோறும் அதனை நிரப்பட்டும். பழைமையின் நன்மையைப் போற்றி, அதன் குறையை அறிவால் நிறைவு செய்வதே மனைக்கும் உரிய நெறி. மக்கள் வாழ்வுக்கும் உரிய நெறி.

பயிற்சி

1. லடாக்கில் குளிர் மிகுவதற்குரிய காரணங்கள் யாவை?
2. வெம்மையைச் சேர்த்து வைத்தலுக்கும் தடுத்து நிறுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.
3. சுவருக்குப் புறத்தே போர்வை அமைப்பதால் விளையும் நன்மை யாது?
4. வீட்டை முழுதும் அடைத்தல் ஏன் தீங்கு பயக்கும்?
5. “பழைய மனையை இடிப்பதினும் செப்பனிடுதலே சிறந்தது” என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை வரைக.