உடனடிப் பணப் பட்டுவாடாவும் சிறு வணிகரும்

ஒருவர் தம் கணக்கிலிருந்து உறவினர் கணக்கிற்குப் பணம் அனுப்புவதும், ஒரு கடைக்காரர் பொருளை விற்று அதற்குரிய விலையைப் பெறுவதும் தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும். ஆயினும் பின்னதன் தேவைகள் பல. பணம் வந்து சேர்ந்தது என்ற உறுதி, எந்த விற்பனைக்கு எந்தத் தொகை என்ற கணக்கு, பொருள் திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பும் வழி ஆகிய யாவும் வணிகருக்கு இன்றியமையாதவை. உடனடிப் பணப் பட்டுவாடாவை அடித்தளமாகக் கொண்டு வணிகருக்கான சேவைகள் எவ்வாறு கட்டப்படுகின்றன, அவற்றின் செலவு யாரைச் சேர்கிறது என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

அடித்தளம்

2007ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா, தீர்வு முறைகள் சட்டத்தைப் பின்பற்றி, ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் எடுத்த முயற்சியால் 2008இல் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் நிறுவப்பட்டது. இக்கழகம் 2010இல் ஐ.எம்.பி.எஸ். என்னும் உடனடி மாற்று முறையையும், 2016 ஏப்ரலில் யூ.பி.ஐ. முறையையும் தொடங்கியது. 2025 ஆகஸ்டில், ஒரே மாதத்தில் யூ.பி.ஐ. வழியாக 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடைபெற்றன.

இதன் இயக்கம் எளிதாக விளங்கத்தக்கதே. வாங்குபவர் கடையின் கியூ.ஆர். குறியீட்டைப் படித்து, தொகையையும் இரகசிய எண்ணையும் இடுகிறார். அச்செய்தி கழகத்தின் மைய இணைப்பகத்தை அடைகிறது. இணைப்பகம் வாங்குபவரின் வங்கியிடம் பற்று எழுதச் சொல்கிறது. அது முடிந்தபின் வணிகரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. யாவும் சில நொடிகளில் நிறைவேறுகின்றன. ஆனால் வங்கிகள் தமக்குள் கொடுக்கல் வாங்கலை நாளொன்றுக்குப் பல சுற்றுகளில், நிகரத் தொகையாகவே தீர்த்துக்கொள்கின்றன. அதாவது, பிற வங்கியிடமிருந்து பணம் வருமுன்பே வணிகருக்கு வரவு கிடைத்துவிடுகிறது.

வணிகரின் நான்கு தேவைகள்

முதலாவது, உறுதிப்பாடு. கூட்ட நேரத்தில் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் தம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. வாங்குபவர் தம் திரையில் காட்டும் படத்தை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. கடையின் குறியீட்டின்மீது வேறொருவர் குறியீட்டை ஒட்டிச் செல்லும் மோசடியும் உண்டு. வரவைக் குரலில் அறிவிக்கும் ஒலிப்பெட்டி இக்குறையைத் தீர்க்க வந்ததாகும். அறிவிப்பு வாங்குபவரின் கைபேசியிலிருந்து வராமல், வணிகருக்குச் சேவை அளிக்கும் நிறுவனத்திடமிருந்து வருவதே அதன் பலம்.

இரண்டாவது, கணக்கு ஒப்பிடல். சுவரில் ஒட்டிய நிலையான குறியீடு வணிகரின் முகவரியை மட்டும் தாங்கும். தொகையையும் பட்டியல் எண்ணையும் உடன் தாங்குவது ஒவ்வொரு விற்பனைக்கும் புதிதாக உருவாகும் மாறும் குறியீடு. தேநீர்க் கடைக்கு முதலாவது போதும். பல பணியாளர்களும் பல கல்லாக்களும் உள்ள அங்காடிக்கு இரண்டாவதே பொருந்தும்.

மூன்றாவது, திருப்பித் தருதல். பொருளைத் திருப்பியவருக்கு வணிகர் தனியாகப் பணம் அனுப்பினால், மூல விற்பனைக்கும் அதற்கும் தொடர்பு இராது. எனவே பழைய பரிமாற்ற எண்ணுடன் பிணைந்த திருப்பும் வசதி வேண்டும். கணக்கில் பற்று எழுதப்பட்டும் கடைக்கு உறுதிச் செய்தி வராத நேர்வுகளுக்கு, ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்தது. அதன்படி ஐந்து நாட்களுக்குள் பணம் தானே திரும்ப வேண்டும். தவறினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 வாடிக்கையாளருக்கு ஈடாகத் தரப்பட வேண்டும்.

நான்காவது, பணம் கைக்கு வரும் நேரம். வணிகரின் சொந்தக் கணக்குடன் குறியீடு நேரே இணைந்திருந்தால் வரவு உடனே கிடைக்கும். இடைநிலைத் திரட்டு நிறுவனம் வழியே வந்தால், தொகை முதலில் அந்நிறுவனத்தின் காப்புக் கணக்கில் சேர்ந்து பின்னரே வணிகருக்குப் போகும். விடியற்காலையில் மொத்தச் சந்தையில் சரக்கு எடுக்கும் காய்கறி வியாபாரிக்கு முந்தைய நாள் விற்பனைப் பணமே முதல். ஒரு நாள் தாமதமும் அவருக்குக் கடன் சுமையாகலாம்.

இந்நான்குடன் பொதுத்தன்மையும் வேண்டும். தம் செயலியில் மட்டுமே படிக்கக்கூடிய தனிக் குறியீடுகளை நிறுவனங்கள் புதிதாக வெளியிடுவதை 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தடை செய்தது. எந்தச் செயலியாலும் படிக்கத்தக்க ஒரே குறியீடு போதும் என்ற நிலை இதனால் வலுப்பெற்றது.

செலவை யார் ஏற்பது?

2020 ஜனவரி 1 முதல் ரூபே பற்று அட்டைக்கும் யூ.பி.ஐ. முறைக்கும் வணிகரிடம் தள்ளுபடிக் கட்டணம் பெறுதல் நீக்கப்பட்டது. இதன் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். ரூ.200க்கு விற்கும் மளிகைக் கடைக்காரரின் இலாபம் 5 சதவீதம் எனக் கொண்டால் அவருக்கு நிற்பது ரூ.10. ஒரு சதவீதக் கட்டணம் இருந்திருப்பின் ரூ.2, அதாவது இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு, போயிருக்கும்.

எனினும், கட்டணம் நீங்கியதால் செலவு நீங்கிவிடவில்லை. கணினிகள், இணைப்புகள், மோசடித் தடுப்பு ஆகிய அனைத்திற்கும் செலவுண்டு. இதில் ஒரு பகுதியை ஈடுசெய்ய அரசு ஊக்கத்தொகை வழங்கியது. 2024-25ஆம் ஆண்டுக்கென ரூ.1,500 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற திட்டத்தின்படி, சிறு வணிகர்கள் பெறும் ரூ.2,000 வரையிலான தொகைக்கு 0.15 சதவீதம் வகை செய்யப்பட்டது. மேற்கண்ட ரூ.200 விற்பனைக்கு இது 30 காசு.

எனவே நிறுவனங்கள் வருவாயை வேறு வழிகளில் தேடுகின்றன: ஒலிப்பெட்டி வாடகை, விற்பனைப் பதிவை ஆதாரமாகக் கொண்ட கடன், 2022 முதல் யூ.பி.ஐ.யுடன் இணைக்கப்பட்ட ரூபே கடன் அட்டை ஆகியன. இவற்றில் நன்மையும் உண்டு. ஈடு காட்ட இயலாத கடைக்காரருக்கு அன்றாட வரவின் பதிவே நாணயத்திற்குச் சான்றாகிறது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மாத வாடகை ரூ.100 என வைத்துக்கொள்வோம். இம்முறையில் மாதம் ரூ.5,000 மட்டும் பெறும் கடைக்கு அது 2 சதவீதக் கட்டணத்திற்குச் சமம், ரூ.50,000 பெறும் கடைக்கு 0.2 சதவீதமே. கட்டணமில்லாச் சேவையிலும் மிகச் சிறியவரே விகித அளவில் மிகுதியாகச் சுமக்க நேரிடும்.

கருத்திற்கொள்ள வேண்டியவை

சந்தைகளிலும் கூட்டுறவு அங்காடிகளிலும் இம்முறையைப் பரப்பும் அலுவலர்கள், ஒட்டப்பட்ட குறியீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வெற்றியை அளத்தல் போதாது. வரவு சொந்தக் கணக்கிற்கு நேரே வருகிறதா, வாடகையும் கடன் தவணையும் எவ்வளவு பிடிக்கப்படுகின்றன, தவறிய பரிமாற்றத்திற்கு யாரிடம் முறையிடுவது என்பதை வணிகர் தம் மொழியில் அறிந்துள்ளாரா என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். சாதாரணக் கைபேசி உடையவர்களுக்காக 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட யூ.பி.ஐ. 123பே பற்றிய செய்தியும் அவர்களைச் சென்றடைய வேண்டும்.

குறியீடு ஒட்டிய ஆறு மாதங்களுக்குப் பின்னும் ஒரு சிறு கடைக்காரர் அதைக் கழற்றாமல் வைத்திருக்கிறாரெனில், அச்சேவை அவருக்குப் பயன்படுகிறது எனத் துணியலாம். கழற்றியிருப்பின், அதன் காரணத்தை அவரிடமே கேட்டறிவது திட்டமிடுவோரின் அடுத்த கடமையாகும்.