எந்தத் துணிக்கு எந்த நூல்?

கேள்வி: எங்கள் பாட்டியின் பழைய நூல் புடவைகள் ஆறேழு பெட்டியில் கிடக்கின்றன. அவற்றை அடுக்கி, நடுவில் மெல்லிய பஞ்சு விரித்து, பேத்திக்கு ஒரு போர்வை தைக்க நினைக்கிறேன். தையல் சாமான் கடைக்காரர், “பாலியஸ்டர் நூல்தான் கெட்டி, லேசில் அறாது” என்கிறார். தையல் வகுப்பு ஆசிரியையோ, “பாலியஸ்டர் துணியை அறுத்துவிடும், பருத்தி நூல்தான் வாங்க வேண்டும்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? — ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: இருவர் வார்த்தையிலும் பாதி நியாயம் இருக்கிறது, மீதிப் பாதியைப் புடவையைக் கையில் எடுத்துப் பாராமலே சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் நூலின் பலத்தைப் பற்றிப் பேசுகிறாரே ஒழிய, அந்தப் பலம் எந்தத் துணியோடு மல்லுக்கு நிற்கப்போகிறது என்பதை யோசிக்கவில்லை. குழந்தை உதைத்துப் புரள்வதிலும், இழுத்துப் போர்த்துவதிலும், துவைத்துப் பிழிந்து கொடியில் போடுவதிலும், ஒரு போர்வையின் ஆயுள் முழுவதும் துணிக்கும் தையலுக்கும் இடையே ஓயாத இழுபறி நடந்துகொண்டே இருக்கிறது. அந்த இழுபறியில் ஒருநாள் ஏதாவது ஒன்று தோற்றுத்தான் ஆகவேண்டும் என்றால், தோற்பது நூலாக இருக்கட்டும், ஏனெனில் அறுந்த தையலை அரைமணி நேரத்தில் மறுபடி போட்டுவிடலாம், ஆனால் தையலோரமாகக் கிழிந்த பழம்புடவைக்குப் பரிகாரமே கிடையாது. ஆகவே நூல் துணியைவிடப் பலத்தில் ஒரு மாற்றுக் குறைந்தே இருக்க வேண்டும் என்பதுதான் என் திடமான அபிப்பிராயம்.

இதனால் ஆசிரியையின் பயம் முழுவதும் நியாயம் என்று ஆகிவிடாது. கடையில் ஆயத்தமாக விற்கும் பருத்திச் சட்டைகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர் நூலிலோ, உள்ளே பாலியஸ்டரும் மேலே பருத்தியுமாக முறுக்கிய நூலிலோதான் தைக்கப்படுகின்றன; அவற்றில் கழுத்துப்பட்டை நைந்து போவதைப் பார்த்திருக்கிறோமே தவிர, நூல் கத்திபோல் துணியை அறுத்ததை யாரும் பார்த்ததில்லை. புதிதாக வாங்கிய கெட்டியான துணியில் மெல்லிய பாலியஸ்டர் நூலால் ஒரு தோஷமும் இல்லை. தங்கள் விஷயம் வேறு. பல வருஷம் உடுத்தித் துவைத்த புடவையில் இழைகள் பாதி தேய்ந்திருக்கும். அதற்கு இணையாகப் பருத்தி நூலைப் போடுவதே உசிதம்.

நூலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வைத்த இடமும் தரையில் உரசிய கீழோரமும் சல்லடைக்கண்ணாகத் தெரியும். முந்தானையின் மேல்பாகம் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டை விரல்களுக்கு நடுவே பிடித்து மெதுவாக இழுங்கள். இழை பிரிந்து விலகினால் அந்தப் பாகத்தை இரக்கமின்றி வெட்டி எறிந்துவிட வேண்டியதுதான். எந்த நூலும் அதைக் காப்பாற்றாது.

வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கிக் காந்தா தைத்தபோது, அந்தப் புடவைகளின் கரையிலிருந்தே இழைகளை உருவி ஊசியில் கோர்த்தார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. சிக்கனத்துக்காகச் செய்த காரியம்தான். ஆயினும், துணிக்கும் நூலுக்கும் ஒரே வயதும் ஒரே தேய்மானமும் வாய்த்து, ஒன்றை ஒன்று மிஞ்சாதபடி அது அமைந்துவிட்டது. வட கன்னட ஜில்லாவில் ஹளியால், எல்லாப்பூர்ப் பக்கத்துச் சித்தி வகுப்புப் பெண்கள் தைக்கும் கவண்டி என்னும் போர்வையிலும், ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி வரும் ஓட்டுத் தையல் ஒன்றே துணி அடுக்குகள் அனைத்தையும் பிடித்து நிறுத்துகிறது.

தாங்கள் கையால் தைப்பதானால் 40 நம்பர் மூன்று புரிப் பருத்தி நூலை எடுத்துக்கொண்டு, ஊசியில் கோர்த்ததும் ஒரு தடவை தேன்மெழுகில் இழுத்துவிட்டுத் தையுங்கள். முடிச்சு விழுவதும் சிக்குவதும் பெருமளவு குறையும். கையால் மெத்தை தைப்பதற்கென்றே மெழுகோ கஞ்சியோ ஏற்றிப் பளபளப்பாக விற்கும் நூலும் உண்டு. அது கைக்கு மாத்திரம் உரியது, மிஷினில் போட்டால் அந்தப் பூச்சு டென்ஷன் தகடுகளுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு தையலைக் கெடுத்துவிடும். மிஷினில் தைப்பதானால் 50 நம்பர் இரண்டு புரி போதும். நிறமற்ற நைலான் நூலைக் குழந்தையின் போர்வையில் போடவே வேண்டாம். அது அறுந்து வளையமாகத் தொங்கினால் சின்ன விரல் அதில் மாட்டிக்கொள்ளும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களில் நூல் வாங்கினால், ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியின்மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். சாயம் போகுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: நூல்கண்டின்மேல் 40/2, 50/3 என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறது. நம்பர் ஏறினால் நூல் மெலியும் என்று கேள்விப்பட்டு, மெல்லிய துணிக்கென்று 50/3 வாங்கினேன். ஏற்கெனவே இருந்த 40/2-ஐவிட அது தடிமனாக இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? — ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஏமாற்றவில்லை. பருத்தி நூலின் நம்பர் என்பது இங்கிலாந்து மில்களின் பழைய கணக்கு: 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுவே அந்த நூலின் நம்பர். நாற்பது சிட்டம் சேர்ந்தால் 40, ஐம்பது சேர்ந்தால் 50. ஆகவே நம்பர் ஏற ஏற இழை மெலிகிறது என்று தாங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆனால் அது ஒற்றை இழைக்குரிய நம்பர்; கோட்டுக்கு அப்புறம் இருக்கும் எண், அத்தகைய இழைகள் எத்தனை புரியாக முறுக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்கிறது. ஒரு கிலோமீட்டர் நூல் எத்தனை கிராம் என்று நிறுக்கும் டெக்ஸ் கணக்கில் போட்டுப் பார்த்தால் 40/2 சுமார் 30 டெக்ஸ், 50/3 சுமார் 35 டெக்ஸ், 40/3 சுமார் 44 டெக்ஸ், 50/2 சுமார் 24 டெக்ஸ் என்று வருகிறது. டெக்ஸில் எண் ஏறினால் நூல் தடிக்கும் என்பதையும் சேர்த்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தாங்கள் வாங்கியிருக்க வேண்டியது 50/2. வாங்கியதை வீணாக்காமல் ஜன்னல் திரை, தலையணை உறை ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியும் நூலுக்கு ஏற்றபடி மாறவேண்டும். 50/2-க்கு 11 நம்பர் ஊசியும், 40/3-க்கு 14 நம்பரும் பொதுவாகப் பொருந்தும். சந்தேகம் வந்தால் ஊசியைக் கழற்றி, ஒரு முழ நூலை அதன் காதில் கோர்த்து, இரு கைகளாலும் சாய்வாக விறைப்பாகப் பிடியுங்கள். ஊசி தானாகவே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினால் பொருத்தம். நடுவழியில் நின்றுவிட்டால் காது சிறிது, அடுத்த பெரிய நம்பருக்குப் போகவேண்டும். நூலின்மேல் பழிபோட்டு மிஷின்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இந்தப் பரீட்சையைச் செய்துவிடுவது பணத்துக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

கேள்வி: ரவிக்கையில் ஜரிகை நூலால் மிஷின் தையல் போட்டால் நூல் அடிக்கடி அறுந்துபோகிறது. என்ன செய்யலாம்? — ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மிஷின் தையலில் நூலின் ஒரே இடம் துணியில் சென்று படிவதற்குள் ஊசிக் காதில் பல பத்துத் தடவை மேலும் கீழும் உரசிவிடுகிறது, பருத்தி அதைப் பொறுக்கும், மேலே உலோகத் தகடு சுற்றிய நூல் பொறுக்காது. காது பெரிதான 14 நம்பர் ஊசியைப் போட்டு, மேல் டென்ஷனைத் தளர்த்தி, நிதானமாக மிதியுங்கள். அப்படியும் அறுந்தால் ஜரிகை நூலைப் பாபினில் சுற்றி, துணியைக் கவிழ்த்து உள்பக்கமாகத் தையுங்கள். ஜரிகை ஊசிக் காதில் புகாமலே மேல்பக்கத்தில் வந்து விழும். பளபளக்கும் ரேயான் நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை: அழகில் குறையில்லை, ஆனால் நனைந்தால் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். பூவேலைக்கு அது சரி. ரவிக்கையைச் சேர்த்துப் பிடிக்கும் தையலுக்கு ஆகாது.

கேள்வி: என் தகப்பனார் மதுரை ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். தையல் நூலுக்கும் அந்த மில்லுக்கும் சம்பந்தம் உண்டா? — ஒரு வாசகர், மதுரை

பதில்: உண்டு, அந்தக் கதை ஸ்காட்லாந்தில் ஆரம்பிக்கிறது. நெப்போலியன் 1806-ல் விதித்த வர்த்தகத் தடையால் பட்டு வரத்து நின்றுபோக, பெய்ஸ்லி ஊர்ச் சால்வைத் தறிகளில் பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுகளுக்குப் பட்டுக்குப் பதிலாகக் கிளார்க் குடும்பத்தார் மிருதுவான பருத்தி நூலை முறுக்கினார்கள். விழுதுக்கு உதவுவது ஊசிக்கும் உதவுமே என்று கண்டு, 1812-ல் தையல் நூலுக்கென்றே அங்கே ஓர் ஆலை எழுந்தது. அந்நாளில் அவர்கள் நூலை மரக்கட்டையில் சுற்றிக் கொடுத்து, கட்டைக்கு அரைப் பென்னி அதிகம் வாங்கிக்கொண்டு, காலிக் கட்டையைத் திருப்பினால் காசைக் கொடுத்துவிடுவார்களாம். பிற்பாடு 1844-ல் ஜான் மெர்சர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்து அதன் பலத்தையும் சாயம் பிடிக்கும் சக்தியையும் பெருக்கினார். அப்படி நனைக்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் பட்டுபோல் மினுக்கும் என்பதை 1890-ல் ஹோரஸ் லோ கண்டார். நூல்கண்டின்மேல் ‘மெர்சரைஸ்டு’ என்று இன்று போட்டிருப்பது இந்த இருவரின் உழைப்பே. அதே பெய்ஸ்லியில் போட்டியாக வளர்ந்த கோட்ஸ் கம்பெனி 1896-ல் கிளார்க் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்தக் கோட்ஸின் இந்தியக் கிளையும் ஹார்வி சகோதரர்கள் ஸ்தாபித்த மதுரா மில்லும் 1974-ல் ஒன்றாகி, மதுரா கோட்ஸ் என்ற பெயரில் தையல் நூல் செய்தன.

கேள்வி: மாமியாரின் தையல் பெட்டியில் பழைய மரக்கட்டை நூல்கள் இருபது கிடைத்தன. நிறமெல்லாம் அழகாக இருக்கிறது. உபயோகிக்கலாமா? — ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கட்டையின் வெளிச்சுற்று இரண்டு மூன்றைக் கழித்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு ஜாண் நூலை எடுத்து, சடக்கென்று இழுங்கள். விரலில் அழுந்தி, ‘பட்’டென்று ஓசை கேட்க அறுந்தால் நூலில் இன்னும் உயிர் இருக்கிறது; ஓசையில்லாமல் பொடிந்தாற்போல் பிரிந்தால் காற்றும் வெளிச்சமும் ஈரமும் அதைத் தின்றுவிட்டன. பருத்திதானா என்பதை அறிய ஒரு துண்டைத் தீயில் காட்டுங்கள்: பருத்தியானால் எரியும் காகிதத்தின் வாசனையோடு மிருதுவான சாம்பலாகும், பட்டானால் மயிர் கருகும் நாற்றம் வரும், பாலியஸ்டரானால் உருகிக் கறுத்த மணியாக உறைந்துவிடும். முதல் பரீட்சையில் தேறியவற்றை மெல்லிய துணிகளுக்கு உபயோகியுங்கள். தேறாதவற்றையும் எறிய வேண்டாம்: மெத்தை தைப்பதற்கு முன் அடுக்குகள் நகராமல் தாற்காலிகமாகப் போட்டுப் பிறகு உருவி எடுக்கும் ஓட்டுத் தையலுக்கு, எளிதில் அறுகிற நூல்தான் சௌகரியம்.