ஒரு வாயில், பல குடிகள்

மயிலாப்பூரின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தாலும் தெருவுக்குத் தெரிந்த கதவு எண் ஒன்றே. இணையத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஐபி நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட்டுகளால் ஆனது. ஆகவே, ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உள்ளன. 1995 ஆகஸ்டு 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்குமுன்பே இப்பற்றாக்குறை உணரப்பட்டு, 1994இல் முகவரிப் பெயர்ப்பு முன்மொழியப்பட்டிருந்தது.

தியாகராய நகரின் துணிக்கடை ஒன்றில் நாற்பது கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றுக்கு 192.168 எனத் தொடங்கும் தனிமுகவரிகள் அளிக்கப்படுகின்றன. வாயிலில் இரு வலையட்டைகளுடன் ஒரு லினக்ஸ் கணினி தீயரணாக நிற்கிறது. ஓர் அட்டையில் வரும் தரவுப்பொதியை மற்றதன் வழியே அனுப்பும் இசைவை முதலில் அதற்கு அளித்தல் வேண்டும். புதியவர் மறந்து தடுமாறும் இடம் இதுவே. பின்னர், வெளியேறும் பொதிகளின் அனுப்புநர் முகவரியை மாற்றும் விதி எழுதப்படும். கடையின் பொதுமுகவரி நிலையானதாயின் அதனை விதியிலேயே குறிக்கலாம். அடிக்கடி மாறுவதாயின் 'மாஸ்கரேட்' விதி பொருந்தும். மாறுவேடம் என்னும் பொருளுடைய அப்பெயர் மிகவும் தகுந்ததே.

எப்பொதி எக்கணினியுடையது என்பதைப் போர்ட் எண்ணோடு தீயரண் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. மறுமொழி அக்குறிப்பைக் கொண்டே உரிய கணினியை அடைகிறது. குறிப்பில்லாத பொதிக்கு உள்ளே வழி தெரியாது. இதனைக் கண்டு பெயர்ப்பே பாதுகாப்பு எனக் கருதுதல் பிழை. ஊழியர் ஒருவர் தீய இணைப்பொன்றைச் சொடுக்கினால், உரையாடல் உள்ளிருந்தே தொடங்கியதாதலின் மறுமொழி தடையின்றி வந்துசேரும். தடுக்கும் விதிகள் வேறு. லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் கருவியில் பெயர்ப்புக்கு ஓர் அட்டவணையும் வடிகட்டலுக்கு மற்றோர் அட்டவணையும் தனித்தனியே உள்ளன.