தவிட்டில் மறைந்த உயிர்ச்சத்து

பெருந்துறையைச் சூழ்ந்த நிலப்பகுதி முன்னாளில் பெரும்பாலும் மேட்டுப் புன்செய்யாகவே இருந்தது. கம்பும் சோளமும் கேழ்வரகும் சாமையுமே அங்கு வாழ்ந்தோரின் அன்றாட உணவு. நெற்சோறு திருநாட்களில் இலையேறும். 1948இல் தொடங்கிய பவானிசாகர் அணைப்பணி 1955இல் நிறைவெய்தியது. கீழ்பவானி வாய்க்காலில் நீர் பாய்ந்தபின் நெல் விளைவு பெருகிற்று. களத்தில் மாற்றம் நேர்ந்தால் உண்கலத்திலும் மாற்றம் நேரும் அன்றோ?

'வைட்டமின்' என உலகம் வழங்கும் பொருளை நாம் உயிர்ச்சத்து என்போம். உடலுக்கு இது வேண்டுவது மிகச் சிறிய அளவே. ஆயினும் அச்சிறிதளவு கிட்டாவிடில் நோய் வந்தடையும். நெல்மணியின் உமிக்கு அடியில் தவிடும், ஒரு முனையில் முளையும் உள்ளன. பி-1 என்னும் உயிர்ச்சத்து இவ்விரண்டிலுமே செறிந்திருக்கின்றது. உலக்கையால் குத்திய அரிசியில் இவை ஓரளவு எஞ்சும். ஆலையில் நன்கு தீட்டிய பச்சரிசியோ முல்லையரும்புபோல் வெளுத்துவிடும். சத்து தவிட்டோடு மாட்டுத் தொட்டியை அடையும். வெளுப்பு நமக்கு, உயிர்ச்சத்து மாட்டுக்கு!

பி-1 குன்றினால் 'பெரிபெரி' என்னும் நோய் உண்டாகும். கால்கள் மரத்துத் தளரும். சிலருக்கு உடல் வீங்கும். நெஞ்சம் நலிந்து உயிரும் போகும். 1890-களில் சாவகத் தீவில் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்றபின் எழுந்து நடப்பதையும் கண்டார். அரிசியில் ஏதோ நஞ்சு உண்டென்றே முதலில் அவர் கருதினார். 1901இல் கிரைன்ஸ் என்பவரே, தவிட்டிலுள்ள ஒரு பொருள் இல்லாமையால் நோய் வருகின்றது என விளக்கினார். ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிட்டியது. அப்பொருளை 1936இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய வில்லியம்ஸ், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூரில் பிறந்தவர்.

இனி நம் அண்மைக்கு வருவோம். 1918இல் குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே பின்னர் உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்திற்கு மாறிற்று. அந்நாளைய மாகாணத்தின் வடபால், தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது; தென்பால் தமிழ் மாவட்டங்களில் அரிதாயிருந்தது. இருபாலாரும் சோறே உண்டனர். வேற்றுமை யாது? அவர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. இவர்கள் உண்டது புழுங்கலரிசி.

நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது, தவிட்டிலுள்ள பி-1 நீரில் கரைந்து அரிசியின் உள்ளே புகுந்துவிடுகின்றது. பின்னர் ஆலையில் தீட்டினும் அது முற்றும் நீங்குவதில்லை. நெல்லைப் புழுக்கிய நம் பாட்டிமார் உயிர்ச்சத்து என்னும் சொல்லைக் கேட்டதில்லை. எனினும் ஓர் ஊரையே காத்தனர்.

நீரில் கரையும் இயல்பே இச்சத்துக்குக் கேடாகவும் முடியும். அரிசியைப் பன்முறை கழுவினால் கழுநீரோடு போம். சோற்றை வடித்தால் கஞ்சியோடு போம். அக்கஞ்சிக்கு உப்பிட்டுப் பருகுவது முன்னாள் வழக்கம். இன்றோ பல வீடுகளில் அது சாக்கடையைச் சேர்கின்றது. நெல்லிக்கனியில் மிகுந்துள்ள சி உயிர்ச்சத்தும் நீரில் கரைவதே. நெடுநேரம் கொதித்தால் அழிவதும் ஆகும். முருங்கைக்கீரை தரும் ஏ உயிர்ச்சத்தின் வழி வேறு. எண்ணெயோ நெய்யோ சேர்ந்தாலன்றி உடல் அதனை நன்கு ஏற்காது. ஆதலின் கீரையைத் தாளிப்பது சுவைக்கு மட்டுமன்று.

டி உயிர்ச்சத்தோ பெரிதும் உணவால் வருவதன்று. கதிரவன் ஒளி தோலில் படுங்கால் உடலே அதனை ஆக்கிக்கொள்ளும். கழனியில் உழைத்தோர்க்கு இதில் குறையில்லை. விடியுமுன் ஆலைக்குள் புகுந்து பொழுது சாய்ந்தபின் வெளிவருவோர்க்கும், நாள் முழுதும் அறைக்குள் நூலோடு இருக்கும் மாணவர்க்கும் வெயில் நிறைந்த கொங்கு நாட்டிலும் குறை நேரக்கூடும். முட்டையின் மஞ்சட்கருவிலும் சிலவகை மீன்களிலும் இச்சத்து உண்டு. சோற்றிலும் கறிகாய்களிலும் ஏறத்தாழ இல்லை.