எந்தக் கூரையின் கீழ் வாழப்போகிறீர்கள்?

போன மே மாதம் என் பழைய மாணவன் ஒருவன், "கிரகப்பிரவேசத்துக்குத்தான் வரல, இப்பவாவது வாங்க சார்" என்று தன் புது வீட்டுக்கு அழைத்துப் போனான். திருநெல்வேலிப் புறவழிச்சாலையை ஒட்டிய மாடி வீடு. மணி நாலு. மேற்குப் பார்த்த முகப்பில் கீழிருந்து மேல்வரை நீலக் கண்ணாடி. உள்ளே நுழைந்தால், திரைச்சீலையெல்லாம் இழுத்து மூடியிருக்கிறது. பட்டப்பகலில் டியூப்லைட் எரிகிறது. ஏசி உள்ள ஒரே அறையில், கட்டிலின் ஒரு ஓரத்தில் மகள் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். இன்னொரு ஓரத்தில் பாட்டி படுத்திருக்கிறார். மாடியில் மூன்று அறைகள் உண்டு. சித்திரை பிறந்ததிலிருந்து அங்கே யாரும் ஏறவில்லையாம். கை கழுவக் குழாயைத் திறந்தேன். விரல் வைக்க முடியவில்லை. "ராத்திரி ஒம்பது மணிக்கும் தண்ணி இப்படித்தான் சார் வருது" என்றார் அவன் மனைவி.

கட்டடமும் வெப்பமும் என்ற பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன் அவன். "உனக்குத் தெரியாதா தம்பி?" என்று கேட்டேன். "தெரியும் சார். மாமா பிடிவாதமா நின்னுட்டாங்க. பக்கத்துல எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க, கண்ணாடி வைக்கலன்னா பழைய வீடு மாதிரி இருக்கும்னு சொன்னாங்க" என்றான்.

பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் சிவில் பாடம் எடுத்தவன் நான். என்னிடம் படித்தவர்கள் துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்பி, மனை வாங்கி, பிள்ளை குட்டிகளோடு புது வாழ்க்கை தொடங்குகிறார்கள். வாழ்நாள் சேமிப்பு, போதாததற்கு வங்கிக் கடன். அதைக் கொண்டு எடுக்கும் முடிவைப் பக்கத்து வீட்டைப் பார்த்தும் மாமனார் சொல்லைக் கேட்டும் எடுத்துவிடுகிறார்கள். அந்த வேதனையில்தான் இதை எழுதுகிறேன். வாடகையா சொந்தமா, ஃபிளாட்டா தனி வீடா என்ற கேள்விகளுக்குள் நான் போகவில்லை. மனை கையில் இருக்கிறது, கட்டப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

முதலில் வெயில்

தமிழ்நாடு முழுவதும் வெப்பமண்டலத்துக்குள் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கும். திருநெல்வேலியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும். சென்னையில் ஏப்ரல் 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். ஆகவே நம் வீட்டில் அதிக வெயிலை வாங்குவது கூரை. அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்கள். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால், இரண்டடி சன்ஷேடுக்கு அடியில் புகுந்து நேரே சுவரிலும் ஜன்னலிலும் அடிக்கும். வடக்கு, தெற்குச் சுவர்களை அதே இரண்டடி சன்ஷேடு பெருமளவு காப்பாற்றிவிடும். மனை இடம் கொடுத்தால், வீட்டின் நீளம் கிழமேற்காக ஓடட்டும். பெரிய ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் இருக்கட்டும்.

கூரை: நான்கு வழிகள்

கான்கிரீட் மட்டத்தளம் எல்லோருக்கும் தெரிந்தது. பின்னால் மாடி எடுக்கலாம், வற்றல் வடகம் காயப்போடலாம். எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் அறைக்குள் இறக்குவதுதான் அதன் குறை. அதற்கு மருந்து நம் கொத்தனார்களிடமே இருக்கிறது: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கும் சுருக்கி, அதன்மேல் தட்டோடு. தண்ணீர் ஓட வாட்டம் விட்டு இதைப் போட்டு, கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பும் அடித்தால் கீழ் அறைக்கு வித்தியாசம் தெரியும். சுருக்கி போடாத மட்டத்தளத்தை முடிந்த வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓட்டுக்கூரை இரண்டாவது வழி. பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து இந்த ஓடு தென்னிந்தியா முழுவதும் பரவியது. மெல்லிய ஓடு சீக்கிரம் சுடும். வெயில் தாழ்ந்ததும் சீக்கிரம் ஆறியும் விடும். ஓடுகளின் இடுக்கு வழியே சூடான காற்று வெளியேறிவிடும். ஆனால் குரங்குத் தொல்லை உள்ள ஊரிலும், தென்னை மரத்தடியிலும், நாகை கடலூர் போன்ற புயல் கரையிலும் இது பாடுபடுத்தும். மரச்சட்டத்தில் கரையான் ஏறாமல் பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஆள் ஏறி உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்தரக்கட்டைகளின் மேல் செங்கலைச் சுண்ணாம்பில் குறுக்குவாட்டில் அடுக்கிப் போடும் தளம், அருமையானது. இன்று மரத்தின் விலையும் அந்த வேலை தெரிந்த கைகளின் பஞ்சமும் சேர்ந்து அதைப் பழைய வீட்டைப் பழுது பார்ப்பவர்களுக்கானதாக ஆக்கிவிட்டன.

நான்காவது, கொத்தனார்கள் ஃபில்லர் ஸ்லாப் என்று சொல்லும் ஓடு பதித்த கான்கிரீட் தளம். தளத்தின் அடிப்பகுதியில் இழுப்பைத் தாங்குவது கம்பி; அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்கு அவ்வளவாக வேலை இல்லை. ஆகவே கம்பிக் கட்டங்களுக்கு நடுவே மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே கான்கிரீட் போடுகிறார்கள். கான்கிரீட் குறைகிறது, தளத்தின் எடை குறைகிறது, கம்பியும் குறைகிறது. ஓடுகளுக்கு இடையே அடைபட்ட காற்று சூட்டைத் தாமதப்படுத்துகிறது. மேலே மொட்டைமாடியும் கிடைக்கும். பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்த கம்பி இடைவெளியை மாற்றாமல் கட்டும் மேஸ்திரி மட்டும் அவசியம்.

எல்லோரும் ஆசைப்படும் பெட்டி வீடு

இப்போது நான் தடுக்க நினைக்கும் வழிக்கு வருகிறேன். சன்ஷேடு இல்லாத சதுரப் பெட்டி, தெருப்பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி, மீதி இடத்தில் ஏசிபி எனப்படும் அலுமினிய ஷீட். 'எலிவேஷன்' என்ற ஒரே சொல்லில் இதை விற்கிறார்கள். கணினியில் வரைந்த படத்தில் வானம் நீலமாக இருக்கும், புல்தரை பச்சையாக இருக்கும், வெயில் மட்டும் இருக்காது. குடும்பமே அந்தப் படத்தில் மயங்கிவிடுகிறது.

கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே சுவரும் தரையும் சூடாகி உமிழும் வெப்பத்தை வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறியவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். குளிர்நாட்டில் அந்தச் சூடு வரம். அங்கே வெயிலைப் பிடித்து வைக்கக் கட்டிய முகப்பை, வெயிலுக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய ஊரில் கொண்டுவந்து ஒட்டுகிறோம்.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு கொடுமையும் சேர்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று கொட்டுகிறது. கோயம்புத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய் எப்படியோ, எங்களுக்கு அது அப்படி. மேற்கிலிருந்து நமக்குக் காற்று வேண்டும், வெயில் வேண்டாம். அந்தக் காலத்து வீட்டில் மேற்கே தாழ்வாரம் இறக்கினார்கள், வேம்பு வைத்தார்கள். வெயில் நின்றது, காற்று வந்தது. திறக்காத கண்ணாடியோ வெயிலை உள்ளே அழைத்துவிட்டுக் காற்றை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. என் மாணவன் வீட்டில் அன்று வெளியே வேப்பங்கிளை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே திரைச்சீலை அசையவில்லை.

பிறகு மழை. வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும். சன்ஷேடு இல்லாத சுவரில் நேரே இறங்கி, பூச்சு வெடித்த இடத்தில் ஊறி, தை மாதம் பார்த்தால் ஜன்னல் மூலையெல்லாம் பூத்துப்போயிருக்கும். கைப்பிடிச் சுவரின் பின்னால் மறைத்து வைத்த வடிகால் குழாயில் இலை அடைத்தால், மாடியில் தண்ணீர் நிற்பதே தெரியாது. கீழே சீலிங்கில் கறை படிந்த பிறகுதான் தெரியும்.

"ஏசி போட்டுக்கொண்டால் போகிறது" என்பார்கள். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத மின் கணக்கில் ஓர் அறைக்கே 480 யூனிட். அதோடு விளக்கு, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் சேரும்போது 500 யூனிட்டைத் தாண்டிக் கட்டணப் படியும் ஏறிவிடும். மாதாமாதம் வீட்டுக்கடன் தவணை கட்டுகிற குடும்பம் அது. அதனால்தான் மூன்று தலைமுறையும் ஓர் அறையில் ஒண்டுகிறது, மாடி காலியாகக் கிடக்கிறது. கட்டியது இரண்டாயிரம் சதுரடி. கோடையில் வாழ்வது நூற்றைம்பது சதுரடி. அந்த முகப்புக்குப் போன பணத்தில் மாடி முழுக்கச் சுருக்கி போட்டிருக்கலாம், நாலு பக்கமும் சன்ஷேடு இறக்கியிருக்கலாம், மிச்சத்தில் பாட்டிக்கு ஒரு திண்ணையும் கிடைத்திருக்கும்.

என் பக்கம்

என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை மாணவர்களைத் திருவனந்தபுரத்துக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்க்க அழைத்துப் போனேன். நல்ல வெயில். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் ஓரம் நின்றோம். ஒரு பையன் அந்த ஓட்டையில் கையை வைத்து, "சார், காத்து வருது" என்று கத்தினான். நான் பத்து வருடம் கரும்பலகையில் எழுதியதை அந்தச் சுவர் ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டது.

பேக்கர் 1917-ல் பர்மிங்காமில் பிறந்தவர். கேரளத்து மருத்துவர் எலிசபெத்தை 1948-ல் மணந்து, இமயமலையில் பித்தோராகரில் பதினாறு வருடம் வாழ்ந்தார். பிறகு கேரளம் வந்து, திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் தங்கள் வீட்டைக் கட்டிக்கொண்டார். குளிர்நாட்டில் படித்த கட்டடக்கலையை இங்கே திணிக்காமல், உள்ளூர்க் கொத்தனாரிடமும் குடியானவர் வீட்டிடமும் திரும்பப் பாடம் கேட்டார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டையும், ஓடு பதித்த தளத்தையும் ஊர் ஊராகப் பரப்பினார். எலிப்பொறிக் கட்டில் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். சுவருக்குள் இருக்கும் காற்று சூட்டுக்குத் தடை. வெளியிலிருந்து வந்த அவர் நம் வெயிலை மதித்த அளவு நாம் மதிக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு கட்டிய என் வீடு எலிப்பொறிச் சுவரும் ஓடு பதித்த தளமும் கொண்டது. மேற்கே எட்டடித் தாழ்வாரம். "பூசாத செங்கல்லா? பணம் பத்தலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். என் அம்மா தன் கடைசி ஆறு கோடைகளையும் அந்தத் தாழ்வாரத்தில் மின்விசிறி மட்டும் போட்டுக்கொண்டு கழித்தார். ஆகவே என்னைக் கேட்டால், மட்டத்தளத்துக்குப் பணம் உள்ள எந்தக் குடும்பத்துக்கும் ஓடு பதித்த தளத்தையே முதலில் சொல்வேன்.

உங்களுக்கு எது?

ஆனால் என் வீடு உங்கள் வீடு ஆகாது. உங்கள் குடும்பத்தின் சுபாவத்தைப் பாருங்கள். வருடம் தவறாமல் ஓடு மாற்ற ஆள் தேடும் பொறுமை உள்ளவர்களுக்கு ஓட்டுக்கூரை. வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் வெளிநாடு போகிறவர்களுக்கு அது வேண்டாம். தம்பிக்கு மேலே மாடி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தால் சுருக்கியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், மாடி எப்போது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அப்பா அம்மா கூட இருந்தால் அவர்கள் மதியம் எங்கே படுப்பார்கள் என்பதிலிருந்து பிளானைத் தொடங்குங்கள். பெரியவர்கள் சொல்வதை மரியாதையோடு கேளுங்கள். கடனைக் கட்டப்போவதும் அந்தச் சூட்டில் தூங்கப்போவதும் நீங்கள்தான் என்பதைப் பணிவாகச் சொல்லுங்கள்.

மனை வாங்கிய மறுமாதமே வாஸ்து பூஜை போடாதீர்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் அந்த மண்ணில் கழியட்டும். தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, சாயங்காலக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, பக்கத்து வீட்டு நிழல் எதுவரை விழுகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். காத்திருக்கும் அந்த வருடத்தில் மேற்கு எல்லையில் ஒரு வேம்போ புங்கோ நட்டுவிடுங்கள். கட்டத் தொடங்கிய பிறகும் அவசரம் வேண்டாம். கான்கிரீட் தன் கணக்குப் பலத்துக்கு வர 28 நாள் ஆகும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூணுக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள். சிமெண்ட் கேட்கும் தண்ணீரைக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த நாட்களை விரிசலாகத் திருப்பித் தரும் அந்த வீடு.

எந்தத் தொழிலானாலும் எந்த வீடானாலும், தன்னால் முடிந்ததை அறிந்து, தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்து, அது வளரும்வரை காத்திருப்பவர்களே நிம்மதியாக இருக்கிறார்கள். முப்பது வருடத்தில் நான் கண்டது அதைத்தான்.

என் மாணவன் இந்தக் கோடைக்குள் கண்ணாடியில் பாதியைக் கழற்றிவிட்டு ஜாலி வைக்கப்போகிறானாம். மாடியில் சுருக்கி போட ஆள் பேசியிருக்கிறான். கட்டி முடித்தபின் இடித்துச் செய்கிற வேலைக்கு இரட்டைச் செலவு. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். பிளானில் கையெழுத்துப் போடும் முன், ஒரே ஒரு மே மாத மதியம், நாலு மணிக்கு, உங்கள் மனையில் மேற்கைப் பார்த்து அரைமணி நேரம் நின்று பாருங்கள்.