மாத்தளை வானில் விண்மீன் பயிற்சி

அசுவினி முதல் இரேவதி ஈறாக 27 நட்சத்திரங்களின் பெயரையும் தடையின்றி ஒப்பிக்கும் மாணவர் நம்மிடையே பலர் உளர். அவற்றுள் ஒன்றையேனும் வானத்திற் சுட்டிக் காட்டுக என்றால் மௌனமே விடையாகின்றது. திருமணப் பந்தரிலே அருந்ததி காட்டும் சடங்கு இன்றும் நிகழ்கின்றது. ஆயின், பகற்பொழுதிலே கூரையை நோக்கி விரல் நீட்டுவதோடு அது முடிந்துவிடுகின்றது. பெயர் நிற்கப் பொருள் மறைந்துபோதல் மொழி பயில்வோர்க்குப் பேரிழப்பாம். ஆதலின், நண்பர் நால்வர் கூடிப் பெரும் பொருட்செலவின்றி விண்மீன் பயிலும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

மாத்தளை, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7½ பாகையில் உள்ளது. இதனால் நமக்குக் கிடைத்த பேறு பெரிது. வடவானமும் தென்வானமும் ஒருங்கே நம் கண்ணுக்குப் புலனாகின்றன. துருவமீன் அடிவானத்தினின்று 7½ பாகை உயரத்திலேயே நிற்பதால், மலை சூழ்ந்த இடங்களில் அது குன்றின்பின் மறைந்துவிடும். நாவுல, தம்புள்ளை முதலிய வடபாற் சமவெளிகளிலே அதனைத் தேடுதல் வேண்டும்.

மே மாத நடுவில், முகிலற்ற இரவு 9 மணியளவில், வடக்கு நோக்கி நிற்க. ஏழு மீன்கள் அகப்பை வடிவிலே தோன்றும். அவையே சப்தரிஷி மண்டலம். அதன் வாலின் நுனியிலிருந்து இரண்டாவது மீன் வசிட்டர். அதன் அருகே ஒட்டி நிற்கும் மங்கிய சிறுமீனே அருந்ததி. வாலின் வளைவைத் தொடர்ந்து கண்ணைச் செலுத்தினால் பொன்னிறச் சுவாதியையும், மேலும் நீட்டினால் வெண்ணிறச் சித்திரையையும் அடையலாம். பின்னர்த் தெற்கே திரும்புக. நான்கு மீன்கள் சிலுவைபோல் அமைந்த திரிசங்கு ஆங்கே தோன்றும். வடகோடி முனிவரும் தென்கோடித் திரிசங்கும் ஒரே வேளையில் எதிரெதிரே நிற்கும் காட்சி இலண்டன் மாநகரத்தார்க்குக் கிட்டாது. அவர்க்குத் திரிசங்கு உதிப்பதேயில்லை.

இனி, 27 என்னும் எண்ணின் காரணத்தை நோக்குவோம். சந்திரன் விண்மீன்களிடையே ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27.3 நாள் ஆகின்றது. நாளுக்கு ஒரு தங்குமிடமாக முன்னோர் வகுத்தனவே நட்சத்திரங்கள். நிறைமதி எந்த மீனின் அருகே நிற்குமோ அம்மீனின் பெயரே மாதத்திற்கும் வாய்த்தது. கார்த்திகைப் பூரணையிலே மதி கார்த்திகையின் பக்கலிலும், மாசியில் மகத்தின் பக்கலிலும் நிற்கக் காணலாம். போயா விடுமுறை இரவுகளில் நிலவொளி சிறுமீன்களை விழுங்கிவிடும். ஆயினும் இப்பாடத்திற்கு அவ்விரவுகளே உரியவை. கோவலன் கண்ணகி திருமணம் மதி உரோகிணியைச் சேர்ந்த நாளில் நிகழ்ந்ததெனச் சிலப்பதிகாரம் கூறும். செந்நிற உரோகிணியை மதி அணுகும் காட்சியைக் கண்ட மாணவனுக்கு அவ்விடத்திற்கு உரை வேண்டுவதில்லை.

சிறுமீன்களைக் காண விரும்புவோர் அமாவாசையை அடுத்த இரவுகளைத் தெரிக. கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமாகும். அதற்கிடையே ஒரு தீக்குச்சி எரிந்தாலும் பயன் கெடும். டோர்ச் விளக்கின் முகத்திலே சிவப்புத் தாள் கட்டுக. கையை நீட்டி மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகை. இதுவே நம் அளவுகோல். ஒருவர் சுட்ட, மற்றவர் கண்டு பெயர் கூற, வேறொருவர் குறித்துக்கொள்க. காட்டோரங்களிலே யானை நடமாட்டம் உண்டாதலின், பாடசாலை முற்றமோ கோயில் வெளியோ போதும். தை, மாசி இரவுகளிலே கார்த்திகைக் கூட்டத்தை எண்ணுக. ஆறு மீன் தெளிவாகத் தெரிந்தால் அவ்வானம் நன்று. அவ்வொளி ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாண அரசு 1619 இல் வீழுமுன்னரே, புறப்பட்டு இன்று நம் கண்ணை எய்துகின்றது.

இப்பயிற்சி பொழுதுபோக்கு மாத்திரமன்று. கொழும்பிலே 1867 இல் பிறந்த மோல்ஸ்வேர்த் என்னும் படைப்பொறியாளர், திருகோணமலையிலே தம் சொந்தத் தொலைநோக்கியால் வியாழனையும் செவ்வாயையும் இரவிரவாக நோக்கினார். 1901 இல் வியாழனின் தென்பாகத்திலே தோன்றிய பெருங்குழப்பத்தைக் கண்டறிந்தார். வானியல் அவருக்குத் தொழிலன்று; எனினும் செவ்வாயில் உள்ள பெருங்குழி ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது. நம் அண்டை ஊரின் வானம் அவருக்கு ஈந்ததை நமக்கு மறுக்குமோ?

ஆயினும் ஒன்று உணர்தல் வேண்டும். நகரின் விளக்கொளி ஆண்டுதோறும் மேலெழுந்து வானத்தை வெளிறச் செய்கின்றது. பெருநகர்ச் சிறுவர்க்குப் பால்வீதி ஏட்டிலுள்ள சொல்லாகிவிட்டது. இரத்தோட்டை, எல்கடுவை மலைத்தோட்டங்களிலிருந்து வரும் நம் மாணவரோ, அதனை லயத்து வாயிலில் நின்றே காண்பர். பல வசதிகள் குறைந்தோரெனக் கருதப்படும் அவர்களிடத்தே இச்செல்வம் நிறைந்துள்ளது. அதனை எடுத்துக் கற்பிப்பது ஆசிரியர் கடன்; தெருவிளக்கின் ஒளி வானுக்குப் போகாது நிலத்தில் விழுமாறு மூடியிடச் செய்வது, ஊரிலே செல்வாக்குள்ள பழைய மாணவர் கடன். இவ்விரு கடனும் நிறைவேறின், நம் பிள்ளைகள் அருந்ததியைக் கூரையிலே தேடார்.